ஜோடி பிரித்த துண்டுகள்

நீலத் தண்ணீர் மறுபடியும் கசிந்தது.

"வேணாம், வேணாம், வேணாம்..." என்று முணுமுணுத்துக்கொண்டே வாலு துணியால் துடைத்தாள். துடைத்த இடத்தில் கண் இமைப்பதற்குள் இன்னொரு நீல முத்து. கழுவுத் தொட்டியின் மேல் பலகையில் கிடந்த பன்றி இரைப்பைத் துண்டு, உள்ளே ஏற்றிய மைத்தண்ணீரால் பலூனாக உப்பியிருந்தது. அதன் ஓரத்தை வரிசை வரிசையாகக் குட்டிக் கம்பிகள் மூடியிருந்தன. மெஷின் அடித்த கம்பிகள். வரிசையின் நடுவில், இரண்டு கம்பிகளுக்கு இடையில்தான் அந்த முத்து முளைத்தது. மீட்டரின் முள் பாதிகூட ஏறவில்லை.

துண்டின் நுனியில் கட்டியிருந்த நூலை அவள் திரும்பத் திரும்பப் பார்த்தாள். வெள்ளை நூல். முறைத்துப் பார்த்தால் நிறம் மாறிவிடுமா என்ன? சாம்பல் நூலாக இருந்திருந்தால் இந்நேரம் கைகொட்டிச் சிரித்திருப்பாள். வெள்ளை என்பதால் துணியைப் பிழிந்து மறுபடியும் துடைத்தாள்.

நாளைக் காலை அம்மாவின் வயிற்றுக்குள் போகப்போவது வெள்ளை மெஷின். போகவைத்த புண்ணியவதி அவளேதான்.

கொட்டகைக் கதவு படபடத்தது.

"ஏய் வாலு! உள்ள குடித்தனமே பண்றியா? போர்வை எங்கன்னு அம்மா போன்ல உயிரை எடுக்குது."

"வரேன்ணா."

"இந்த நேரத்துல அங்க என்னடி பண்ற?"

"வரேன்னு சொன்னேன்ல!"

குரல் நடுவில் உடைந்தது. உடைந்த குரலைக் கேட்டால் அண்ணன் சும்மா இருக்கமாட்டான். தோளால் கதவை இடித்துத் திறந்துகொண்டு உள்ளே வந்தான். முழங்கைவரை நீலமாக நின்ற தங்கையையும், பலகையில் உப்பிக் கிடந்த துண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இது காலையில ஒப்பீட்டுக்குப் போன துண்டாச்சே. குழியில போடாம இத எதுக்கு வச்சு விளையாடிட்டிருக்க?"

"அண்ணா, நான் ஒரு காரியம் பண்ணிட்டேன்."

"என்ன காரியம்? மீட்டரை உடைச்சிட்டியா?"

"ஜோடியைப் பிரிச்சிட்டேன்."

அண்ணன் கதவைச் சாத்திவிட்டு வந்தான். மீட்டரை உடைத்திருந்தால் திட்டியிருப்பான். இதற்குத் திட்டக்கூட வாய் வரவில்லை.

அந்தக் குடும்பத்தின் தொழிலைச் சொன்னால் பாதிப் பேர் மூக்கைப் பொத்துவார்கள், மீதிப் பேர் நம்பமாட்டார்கள். வெட்டுக்கூடத்திலிருந்து பன்றியின் இரைப்பையும் குடலும் வாங்கி, உப்புத் தண்ணீரில் அலசி, அளவாக நறுக்கி, ஐஸ்பெட்டியில் அடுக்கி ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுப்பது. சமைக்க அல்ல, பழக. மனிதக் குடலில் கத்தி வைக்கும் முன் இளம் டாக்டர்களுக்கு இதில்தான் கை பழகும். ஆபரேஷன் மெஷின் விற்கிறவர்களும் இதில்தான் தங்கள் மெஷினை ஓட்டிக் காட்டுவார்கள். "மனுஷன் குடலைக் காப்பாத்துறது பன்னிக் குடல்தான். ஆனா மாலை மரியாதை எல்லாம் டாக்டருக்கு" என்பாள் அம்மா.

அப்பா எப்போதோ வேறொரு குடும்பத்துக்குக் குடிபோய்விட்டார். கொட்டகையைக் கட்டியதும் தொழிலை நிலைநிறுத்தியதும் அம்மாதான். அதில் அவள் வைத்த ஒரே சட்டம் ஜோடி. இரைப்பை முழுக்க ஒரே தடிமன் கிடையாது. மேல்பக்கம் மெல்லிசு. நடுவில் அளவான தடிப்பு. கீழே, குடலுக்குள் இறங்கும் பக்கம், செருப்புத் தோல். ஆகையால் இரண்டு மெஷினை ஒப்பிட வேண்டுமென்றால் ஒரே இரைப்பையில் அடுத்தடுத்த இரண்டு துண்டை வெட்டி, ஒன்றுக்கு ஒரு நிற நூலும் மற்றதற்கு இன்னொரு நிற நூலும் கட்டிக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் தோற்றது மெஷினா, துண்டா என்று தெரியும். "புதுசா கல்யாணம் ஆனவங்க மாதிரி. வெளிய போனா ஜோடியாத்தான் போகணும்" என்பாள். டாக்டர்கள் அளந்துகூடப் பார்ப்பதில்லை. அந்தக் கொட்டகை ஜோடி என்று சொன்னால் ஜோடிதான்.

போன வருடம் அந்த அம்மாவின் குடலிலேயே ஒரு கட்டி வந்தது. கெட்ட இடத்தை அறுத்து எடுத்து, இரண்டு முனையையும் இணைக்க வேண்டும். அதற்குப் புத்தம்புது மெஷின் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். சாம்பல் நிறப் பிடி, அடியில் பேட்டரி. விசையை அழுத்தினால் மோட்டாரே குடலைக் கவ்வி, இரண்டு பக்கமும் கம்பி அடித்து, நடுவில் கத்தியை ஓட்டிவிடும். அதை விற்கிறவன் தியேட்டருக்குள்ளேயே, டாக்டரின் தோளை உரசாத குறையாக நின்றான். எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவன் என்பதால் வாலு அவனுக்கு வைத்த பெயர் கோட்டு.

கவ்வியதும் உடனே அடிக்கக்கூடாது. சதைக்குள் ஊறியிருக்கும் நீர் பிதுங்கி, குடல் கொஞ்சம் மெலிந்த பிறகுதான் கம்பி சரியாக மடங்கும். "காத்திருக்க வேணாம் சார், மோட்டார் பாத்துக்கும், அழுத்துங்க" என்று கோட்டு அவசரப்படுத்தியதாக, அங்கே நின்ற நர்ஸ் ஒருத்தி பிற்பாடு அண்ணன் காதில் போட்டாள். அப்போதிருந்த டாக்டர் அழுத்தினார். அழுத்திய கையோடு கொஞ்ச நாளில் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டும் போய்விட்டார்.

இணைப்பு விட்டுவிட்டது. வயிறு முழுக்க நஞ்சு. மறுபடி ஆபரேஷன், ஐசியூ, தொண்டைக்குள் மூச்சுக்குழாய். அம்மா பிழைத்து வந்தாள், ஆனால் வயிற்றில் ஒரு துவாரமும் அதன்மேல் ஒட்டிய ஒரு பையுமாக. "எல்லாரும் பர்ஸை இடுப்புல செருகுவாங்க. எனக்கு உடம்போடயே தச்சுக் குடுத்துட்டாங்க" என்று சிரிப்பாள். சிரித்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். வெட்டுக்கூடத்தில் கத்தி பிடித்த ஆம்பளைகளை ஒரே அதட்டலில் நகரவைத்தவள், நாலு பேர் நடுவில் பை சத்தம் போட்டுவிடுமோ என்று தெருமுனைக் கடைக்குக்கூடப் போவதில்லை.

கோட்டு ஒரே ஒரு தரம் ஐசியூ வாசலுக்கு வந்தான். "இது எந்த மெஷின்லயும் நடக்கும் தம்பி. நூத்துல சில பேருக்கு அப்படித்தான்" என்று அண்ணனிடம் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் போன் அடித்தது. அந்தப் பக்கம் யார் என்ன சொன்னார்களோ, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே மாடிப்படி இறங்கினான்.

அந்தச் சிரிப்பை வாலு தொலைக்கவில்லை. வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது, பஸ்ஸில் தொங்கும்போது, அம்மாவின் பையைக் கழுவும்போது என்று அதை எடுத்து எடுத்துத் தீட்டினாள். நன்றாகக் கூர் ஏறியிருந்தது.

இன்று காலை அதே ஆஸ்பத்திரியில் ஒப்பீடு. சாம்பல் மெஷின் ஒரு பக்கம், இன்னொரு கம்பெனியின் வெள்ளை மெஷின் மறுபக்கம். இரண்டுக்கும் ஒரே உயரக் கம்பி, நடுத்தரத் தடிமனுக்கானது. கம்பி அடித்த துண்டுக்குள் நீலத் தண்ணீர் ஏற்றுவார்கள். எந்த அழுத்தத்தில் கசிகிறது என்று மீட்டர் சொல்லும். தாங்குகிற மெஷின் ஆஸ்பத்திரிக்குள் வரும், கசிகிற மெஷின் வெளியே போகும். அண்ணனுக்கு வெளியூர் டெலிவரி. துண்டுகளை வாலுதான் கொண்டுபோனாள்.

ஜோடி ஜோடியாகத்தான் கட்டிக்கொண்டு போனாள். அது சத்தியம். சில ஜோடிகள் நடுப்பகுதியிலிருந்து, சில ஜோடிகள் கீழ்ப்பகுதியிலிருந்து. சாம்பல் நூல் கட்டும்போது கை கூசியதே தவிர, பிசகவில்லை. அந்த மெஷினின் லட்சணம் தானாக வெளிவரும், நாம் எதற்குக் கையை அழுக்காக்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தாள்.

கழுவும் அறைக்குள் கோட்டு எட்டிப் பார்க்காமல் இருந்திருந்தால் எல்லாம் அதோடு போயிருக்கும்.

"என்ன பாப்பா, நீதான் குடல் கழுவுற பொண்ணா? நம்ம மெஷினுக்கு நல்ல பீஸா பாத்து வை. செத்த பன்னிக்குக்கூட நம்ம மெஷின்னாத்தான் புடிக்கும்."

கூட வந்தவன் கெக்கலித்தான். வாலு கத்தியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"போன வருஷம் ஒரு அம்மாவுக்கு உங்க மெஷின்ல போட்டு ஒழுகிடுச்சே, ஞாபகம் இருக்கா?"

"எந்த அம்மா?"

அவன் நடிக்கவில்லை. அதைத்தான் அவளால் தாங்கமுடியவில்லை. நெற்றியைச் சுருக்கி உண்மையாகவே யோசித்தான். கிடைக்கவில்லை. தோளைக் குலுக்கினான்.

"எத்தனையோ அம்மாங்க பாப்பா. எல்லாம் நல்லாத்தான் இருக்காங்க."

அவன் போனதும் வாலு கதவைத் தாழிட்டாள். நூல்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். நடுப்பகுதி ஜோடிகள் எல்லாவற்றுக்கும் இரண்டு பாதியிலும் வெள்ளை நூல். கீழ்ப்பகுதி ஜோடிகள் எல்லாவற்றுக்கும் இரண்டு பாதியிலும் சாம்பல். அதாவது வெள்ளைக்கு வாய்த்தது அளவெடுத்துத் தைத்த மாதிரி துண்டு. சாம்பலுக்கு வாய்த்தது செருப்புத் தோல்.  "இப்ப ஞாபகம் வரும்டா உனக்கு" என்று ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு தரம் சொன்னாள்.

பயிற்சிக்கூடத்தில் பெரிய டாக்டரே மெஷினைக் கையில் எடுத்தார். இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது. பேச்சைக் கேட்கமாட்டார், கையில் வாங்கிப் பார்ப்பார். சாம்பல் மெஷின் முதல் துண்டைக் கவ்வியதும் மோட்டார் முனகியது. கம்பி ஓடி முடிந்தது. தண்ணீர் ஏற்றத் தொடங்கியதுதான் தாமதம், நீலம் பீய்ச்சியடித்துக் கோட்டின் கோட்டிலேயே போய் விழுந்தது.

யாரோ ஒரு மாணவன் களுக்கென்று சிரித்தான். வாலு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

இரண்டாவது துண்டும் அப்படியே. அதற்கடுத்தது இன்னும் மோசம். கோட்டு கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துத் துடைத்து நெற்றியும் நீலமானது.

"சார், பீஸ் ரொம்ப தடிப்பா இருக்கு சார். இதுக்கு உயரமான கம்பிதான் போடணும்."

"ரெண்டு பேருக்கும் ஒரே கம்பின்னு ஒத்துக்கிட்டுத்தானே வந்தீங்க?"

"அது சரி சார், ஆனா இந்த பீஸ்..."

"பீஸ் மேல பழி போடாதீங்க. இதோட ஜோடியை அந்த வெள்ளை மெஷின் பூ மாதிரி புடிக்குதே!" பெரிய டாக்டர் வாலுவின் பக்கம் திரும்பினார். "ஜோடிதானேம்மா?"

"ஜோடிதான் சார்."

ஒரு சொல். எச்சில்கூட விழுங்காமல் சொன்னாள். கோட்டு அவளைப் பார்த்தான். முதல் தடவையாக, முகத்தை நேராகப் பார்த்தான். நல்லா பாரு, இந்த மூஞ்சியையாவது ஞாபகம் வச்சுக்கோ என்று அவள் உள்ளுக்குள் கருவினாள். அந்த நொடியின் ருசி நாக்கிலேயே நின்றது.

வெள்ளை மெஷினின் கடைசித் துண்டுக்கு வாலுதான் தண்ணீர் ஏற்றினாள். முள் பாதி ஏறும் முன்பே கம்பி வரிசையில் ஒரு நீல முத்து எட்டிப் பார்த்தது. அளவெடுத்துக் கொடுத்த துண்டிலேயே! டாக்டரின் கண் மீட்டரில் இருந்தது. வாலு கட்டைவிரலால் முத்தை அழுத்தித் துடைத்து, விரலை எடுக்காமல் அங்கேயே வைத்துக்கொண்டாள்.

"ஒழுகுதா?"

"இல்ல சார். என் கை ஈரம்."

எல்லாம் முடிந்து கோட்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது அவன் தோள் ஒரு பக்கமாகத் தொங்கியது. மூக்கறுபட்டவன் நடை. அந்த நடையை வாலு மாடிப்படி முடியும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். பின்னால் பெரிய டாக்டர் கை கழுவிக்கொண்டே பேசினார்.

"நாளைக்கு உங்கம்மா கேஸ்தானேம்மா முதல்ல? பையை எடுத்துட்டு உள்ள இணைக்கணும். போன தடவை நடந்ததைப் பாத்து, கையாலயே தைக்கலாம்னுதான் இருந்தேன். ஆனா நேரம் இழுக்கும், அவங்க நுரையீரலுக்கு அவ்வளவு நேரம் மயக்கம் ஆகாது. அதே யோசனையா இருந்துச்சு. ரெண்டு தடவை அறுத்த குடல் வேற, நல்லா தடிச்சுக் கெடக்கும். இப்ப கவலை விட்டுச்சு. வெள்ளையிலயே போட்டுடறேன். சரியான நேரத்துல காட்டினம்மா."

தடிச்சுக் கெடக்கும்.

நாக்கில் இருந்த ருசி சட்டென்று கசந்தது. தடித்த துண்டு ஒன்றுகூட வெள்ளைக்கு அவள் கொடுக்கவில்லை.

அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கவிழ்த்து வைத்த வாளியின் மேல் உட்கார்ந்தான்.

"புது இரைப்பை எடுத்து, நேரா போய் ஜோடியா போட்டுக் காட்டிட்டா?" என்றாள் வாலு.

"எங்கேருந்து எடுக்குறது? உன் வயித்துலேருந்தா? ஐஸ்பெட்டி காலி. நாளைக்கு வெட்டுக்கூடம் லீவு."

"அப்ப ஆபரேஷனைத் தள்ளிப்போடச் சொல்லலாம்."

"துவாரம் சுருங்கிக்கிட்டே வருதுன்னு தானேடி அவசரமா சேத்திருக்கு? ரெண்டு நாளா கஞ்சிகூட இறங்கல அதுக்கு. இன்னும் தள்ளுனா மொத்தமா அடைச்சுக்கும்." தலையைப் பிடித்துக்கொண்டான். "நாலு ஆஸ்பத்திரி நம்மள நம்புதுன்னா அம்மாவோட ஜோடிக்காகத்தான். வெளிய தெரிஞ்சா நாயிகூட சீந்தாது. வாயைத் தைச்சுக்க. வெள்ளை மெஷின் ஒண்ணும் மோசமில்ல, ஒரே ஒரு துண்டுதானே கசிஞ்சுது?"

வாலு பலகையைக் காட்டினாள். நீல முத்து நிரம்பி, உருண்டு, தொட்டிக்குள் சொட்டியது.

"இந்த ஒரு துண்டு அம்மாவா இருந்தா?"

அண்ணன் எழுந்தான். போர்வையை எடுத்து அவள் கையில் திணித்துவிட்டு வண்டியை எடுக்கப் போனான்.

வார்டில் விளக்கைப் பாதி அணைத்திருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவி குறட்டையும் முனகலுமாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா தலையணையை நிமிர்த்திச் சாய்ந்து, கையில் ட்ரிப் ஊசியோடு விழித்திருந்தாள். அண்ணன் கீழே வண்டியிலேயே இருந்துகொண்டான். வாலுவுக்குத் தெரியும், பயந்தால் அவனுக்கு மாடிப்படி ஏறக் கால் வராது.

"வாடி, வா. போர்வையை எடுத்துட்டு வரவா இல்ல தறியில நெய்து கொண்டுவரவா இவ்வளவு நேரம்?" என்றவள் மகளின் கையைப் பார்த்தாள். "என்ன இது நீலம்? மறுபடி என்னத்தைக் கிளறின?"

"அம்மா, ஒண்ணு சொல்லணும். கத்தாத."

"வயித்துல இருக்குற கோலத்துக்குக் கத்தினா பை பிச்சுக்கும். சொல்லு."

வாலு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, போர்வைக்குள் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். கோட்டு கழுவும் அறைக்கு வந்ததை. "எந்த அம்மா" என்று கேட்டதை. நூலை அவிழ்த்ததை.

அம்மா கத்தவில்லை. கண்ணில் ஒரு வெளிச்சம் ஏறியது. ஒரு வருடமாக அந்த முகத்தில் இல்லாத வெளிச்சம்.

"எந்த அம்மான்னா கேட்டான்?"

"ஆமா."

"அப்புறம்? பீய்ச்சி அடிச்சுச்சா?"

"அவன் கோட்டு மேலயே."

"ஐயோ!" அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் குலுங்கினாள். "சட்டையிலயா, கோட்டுலயா? சரியா சொல்லு."

"ரெண்டுலயும். நெத்தியில வேற. தொடைச்சுத் தொடைச்சு நீலமாயிட்டான்."

"மூஞ்சி எப்படிப் போச்சு? போட்டுக் காட்டு."

வாலு போட்டுக் காட்டினாள். கன்னத்தைத் தொங்கவிட்டு, தோளை ஒரு பக்கம் சாய்த்து. அம்மா இன்னொரு தரம் காட்டச் சொன்னாள். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பக்கத்துக் கட்டில் கிழவி "ச்சூ" என்று அதட்டிவிட்டுப் புரண்டு படுத்தாள்.

"என் வயித்துப் பொண்ணுடி நீ" என்றாள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நான் ஒரு வருஷமா படுத்துக்கிட்டே அவனை விதவிதமா சாவடிச்சேன். நீ ஒரு நூலாலயே முடிச்சிட்ட. ஜோடியைப் பிரிச்சது தப்புதான். நாளைக்கு எழுந்து வந்து அதுக்குத் தனியா உதைக்கிறேன். இன்னைக்கு இந்தச் சிரிப்போட தூங்கவிடு."

வாலு தூங்கவிடவில்லை. சிரிப்பு அடங்கியதும் அம்மாவின் காலை மறுபடி பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நாளைக்கு உனக்கு வெள்ளைதான் போடப்போறாங்க."

"போடட்டும். அதுதானே நல்லா புடிச்சுது?"

"நல்ல துண்டு குடுத்தேன், புடிச்சுது. அதுலயும் ஒண்ணு கசிஞ்சுது. நான் விரலை வச்சு மறைச்சிட்டேன். இப்ப வீட்ல மறுபடி தண்ணி ஏத்திப் பாத்தேன். பாதி மீட்டருக்கே சொட்டுது. உன் குடல் தடிச்சிருக்கும்னு டாக்டர் சொன்னார். தடிச்ச துண்டை அதுக்கு நான் குடுக்கவே இல்லம்மா."

அம்மாவின் கை மெல்லத் தன் வயிற்றுப் பையின் மேல் போய் நின்றது.  ட்ரிப் பாட்டிலில் சொட்டு விழுவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சொன்னா அவன் ஜெயிச்சிடுவான்" என்றாள் கடைசியில். "பீஸ் தடிப்புன்னு அவன் கத்தினது நெஜமாயிடும். நாளைக்கே பல்லைக் காட்டிக்கிட்டு அந்தக் கோட்டோட வந்து நிப்பான். நம்ம கொட்டகைக்குப் பூட்டு."

"தெரியும்."

"அவன் சிரிக்கிறதைப் பாத்துக்கிட்டு உக்காரச் சொல்றியா என்னை?"

"அவன் நாசமாப் போகணும்மா. புழுத்துப் போகணும். ஆனா நீ நல்லா இருக்கணும்." வாலு போர்வையில் முகத்தைப் புதைத்தாள். "ரெண்டும் ஒண்ணா நடக்கவே நடக்காதா?"

அம்மா அவள் தலைமுடிக்குள் விரலை விட்டாள். வருடினாளா, பிய்த்தாளா என்று சொல்ல முடியாத ஒரு பிடி.

"எனக்கும் அதே ஆசைதான்டி" என்றாள். "ஆனா குடல் ஒண்ணுதான் இருக்கு."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பெரிய டாக்டர், ஏதோ அவசர ஆபரேஷன் முடித்த களைப்போடு, தலையில் துணித்தொப்பி அப்படியே இருக்க, உள்ளே வந்தார். முதல் கேஸை முந்தின இரவே ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டுப் போவது அவர் பழக்கம்.

"என்னம்மா, இன்னும் தூங்கல? பயமா?"

"எனக்கில்ல சார்" என்றாள் அம்மா. "இவளுக்கு."

வாலு எழுந்து நின்றாள்.  அம்மா ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை, தடுக்கவும் இல்லை. ஊசி குத்திய கையைப் படுக்கையில் வைத்துவிட்டு மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோட்டு பெட்டியோடு படி இறங்கிய அந்தத் தொங்கிய தோள் வாலுவின் கண்ணில் இன்னும் ஒருமுறை வந்து நின்றது. எவ்வளவு நன்றாக இருந்தது அது! அதைக் கையால் தள்ளிவிடுவதுபோலத் தலையை உதறினாள்.

"சார், காலையில குடுத்தது ஜோடி இல்ல. தடிச்சதெல்லாம் சாம்பலுக்குக் குடுத்தேன். அளவானதெல்லாம் வெள்ளைக்கு. கடைசித் துண்டு கசிஞ்சப்ப விரலை வச்சு மறைச்சேன். வேணும்னே பண்ணேன். அவன் எங்கம்மாவை மறந்துட்டான்."

பெரிய டாக்டர் தொப்பியைக் கழற்றினார். திட்டப்போகிறார் என்று வாலு கண்ணை மூடிக்கொண்டாள். திட்டு வரவில்லை. ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது அவர் கட்டிலருகே உட்கார்ந்து, அம்மாவின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்த ஆள் சொன்னது சரிதான்" என்றார் தனக்குள் பேசுவதுபோல.

அம்மாவின் தாடை இறுகியது. 

"கையால தைச்சா மூச்சு போதாது. மெஷின்ல போட்டா எந்த மெஷின்னு தெரியாது. இன்னைக்கு பூரா நான் பாத்ததுல எதையும் இப்ப நம்ப முடியாது." உள்ளங்கையால் முகத்தைத் தேய்த்துவிட்டு வாலுவைப் பார்த்தார். அவர் கண்ணில் கோபம் இருந்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். "பிறந்ததுலேருந்து இந்தத் துண்டுங்களைத் தொட்டு வளந்தவ நீ. ரெண்டு மெஷின் கம்பியும் உன் கை வழியாத்தான் போச்சு. நீயே சொல்லும்மா. உங்கம்மா குடல் மாதிரி தடிச்ச துண்டை ரெண்டுக்கும் ஜோடியா குடுத்திருந்தா, எது ஒழுகியிருக்கும்?"